சாவி யார் கையில மாமா?

போன வாரம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். திண்டுக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். "டேய், கடையில பில்லு, ஸ்டாக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நல்ல ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லு. எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்னும் சொல்லிடு"ன்னான். நான் பதினெட்டு வருஷமா சென்னையில பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துறவன். அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கறதில்லை :-)

ஆனா இந்தத் தடவை சாஃப்ட்வேர் பேரே சொல்லலை. ரெண்டு கேள்விதான் கேட்டேன். "நீ வைக்கப்போற ஆள் நாளைக்கே ஊரை விட்டுப் போயிட்டா, மறுநாள் காலையில உன் கடையில பில்லு போட முடியுமா? ஒரு வருஷம் முழுக்க கம்ப்யூட்டர் மக்கர் பண்ணவே இல்லைன்னாலும் அந்த ஆளுக்கு நீ காசு கொடுப்பியா?"

"காலங்காத்தால ஏன்டா அபசகுனமா பேசறே"ன்னுட்டு வச்சுட்டான்.

அவன்கிட்ட போன்ல சொல்ல முடியாததை இங்க எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும் மக்கா. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

கொசுவத்தியைச் சுத்தறேன்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்க மாமாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, வத்தல்ல ஆரம்பிச்சு நெய், பிஸ்கட், சோப்பு வரைக்கும் எல்லாம் உண்டு. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கடைக்காரங்க வந்து சரக்கு எடுத்துட்டுப் போவாங்க. பாதி ரொக்கம், பாதி பற்று. பற்று வரவெல்லாம் மாமா தலைக்குள்ளேயே ஒரு பேரேடு மாதிரி இருக்கும். யார் எந்த வாரம் எவ்வளவு பாக்கின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

2009-ல அந்தக் கடைக்கு ஒரு தம்பி வந்தான். பி.சி.ஏ. முடிச்சுட்டு, வீடு வீடாப் போய் கம்ப்யூட்டர் சரிபண்ணிட்டு இருந்த பையன். பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவன், மாமா துண்டுச்சீட்டுல கணக்குப் போடுறதை ஒரு மணி நேரம் பார்த்துட்டு, "அண்ணாச்சி, உங்களுக்குன்னே ஒரு புரோகிராம் எழுதித் தரட்டுமா?"ன்னான். பன்னிரண்டாயிரம் ரூபாய்னு பேசி முடிச்சாங்க. விஷுவல் பேசிக் 6-ல எழுதி, கணக்கை ஆக்சஸ் ஃபைல்ல வச்சான். (அந்த விஷுவல் பேசிக்குக்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. ஆனா அதுல எழுதினது விண்டோஸ்ல இன்னிக்கும் ஓடும். கெட்டி உசிரு.)

உள்ளதைச் சொல்லணும்னா அது அருமையான புரோகிராம். மூட்டை, சிப்பம், கிலோன்னு மூணு அளவுலயும் பில்லு போடும். இறக்குக்கூலி தனி வரியில வரும். சாக்கு எடையைக் கழிக்கும். பற்றுக்காரர் பேரை அடிச்சா பழைய பாக்கி சிவப்புல மேல நிக்கும். அதுக்கு முன்னாடி பெரிய சாஃப்ட்வேர் விக்கிறவங்க ரெண்டு பேர் டை கட்டிட்டு வந்து காட்டினாங்களாம். "சாக்குக் கழிவை எங்கப்பா போடுறது?"ன்னு மாமா கேட்டதுக்கு அவங்ககிட்ட பதில் இல்லை. தம்பிக்கு அது புரிஞ்சுது. ஏன்னா அவன் கடையில உட்கார்ந்து பார்த்தான். உள்ளூர் ஆளை வைக்கிறதுல இருக்கிற முதல் லாபம் இது. இனிமே நான் என்ன குறை சொன்னாலும் இதை மறந்துடாதீங்க.

வாட் போய் 1.7.2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்பவும் தம்பிதான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மாத்திக் கொடுத்தான். அப்பவே, "வருஷத்துக்கு ஒரு நாலாயிரம் கொடுத்துடுங்க அண்ணாச்சி, எப்ப கூப்பிட்டாலும் வந்துடறேன்"னு ஒரு ஏற்பாடு. மாமா ரெண்டு வருஷம் கொடுத்தார். அப்புறம் நின்னுபோச்சு. ஏன் நின்னுதுன்னு பின்னாடி சொல்றேன். அதுதான் இந்தக் கதையோட முடிச்சு.

18.7.2022, திங்கள்கிழமை. மளிகைக்காரங்க யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டாங்க. அதுவரைக்கும் பதிவு செஞ்ச பிராண்ட் பேர் போட்ட பருப்பு, அரிசி, மாவுக்குத்தான் 5 சதவீதம். அன்னிலேர்ந்து, பேர் இருக்கோ இல்லையோ, முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி 25 கிலோ வரைக்கும் இருந்தா 5 சதவீதம். 25-க்கு மேல போனா வரி இல்லை. அதனாலதான் அந்த வருஷம் 26 கிலோ அரிசி மூட்டைன்னு ஒரு புது ஜந்து கடைக்கு வந்தது. மாமா கடையில அதே துவரம்பருப்பு 30 கிலோ சிப்பமாவும் இருக்கு, 25 கிலோ பையாவும் இருக்கு. ஒண்ணுக்கு வரி உண்டு, இன்னொண்ணுக்கு இல்லை.

தம்பி எழுதின புரோகிராம்ல தானிய வகைன்னா வரி பூஜ்யம், பிராண்டுன்னா அஞ்சு. எடையைப் பார்த்து வரி போடணும்னு ஒரு நாள் வரும்னு 2017-ல யார் கண்டா? வரி விகிதம் மாத்துற பக்கத்துக்குத் தனி பாஸ்வேர்ட் வேற. கணக்குப்பிள்ளை தெரியாம கையை வச்சுடக் கூடாதுன்னு மாமா சொல்லித்தான் தம்பி போட்டிருந்தான். அந்த பாஸ்வேர்ட் மாமாவுக்கும் தெரியாது. தம்பி நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

மாமா எனக்கு போன் போட்டார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்க?"

ஆணியெல்லாம் அப்படியே போட்டுட்டு ராத்திரி பஸ் பிடிச்சேன். மக்கா, அந்த ரெண்டு நாளை நினைச்சா இன்னிக்கும் கூச்சமா இருக்கு. நான் வேலை பார்க்கிறது வெளிநாட்டு பேங்க் ஒண்ணுக்கு ஜாவாவுல. ஒரு மளிகைக்கடை பில்லிங் புரோகிராம் என்ன பெரிய விஷயம்னு ஒரு திமிர். ஆக்சஸ் ஃபைல் பாஸ்வேர்டை உடைக்கிற கருவி நெட்ல கிடைக்குது, உடைச்சுட்டேன். உள்ள ஒரு இடத்துல பூஜ்யம் இருந்தது. அஞ்சுன்னு மாத்தினேன். பழைய பில்லு ஒண்ணை எடுத்துப் பார்த்தா, போன வருஷத்து பில்லுக்கும் அஞ்சு சதவீதம் ஏறி நிக்குது! அந்தப் புரோகிராம் பழைய பில்லைத் திறக்கும்போதெல்லாம் வரியைப் புதுசாக் கணக்குப் போட்டுக் காட்டுற ரகம். அது தெரியாம, அத்தனை கடைக்காரங்க பாக்கியையும் ஒரே நொடியில கலைச்சுட்டேன். அவ்வ்வ்வ்.

"பேக்கப் இருக்கா மாமா?"

"தினம் ராத்திரி எடுத்துடுவோம்ல. டி டிரைவ்ல இருக்கு."

சி டிரைவ், டி டிரைவ் ரெண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சதுதான். டிஸ்க் போனா ரெண்டும் சேர்ந்தே போயிடும். வீட்டுச் சாவி தொலைஞ்சா இருக்கட்டும்னு மாத்துச் சாவியையும் அதே வளையத்துல மாட்டி வைக்கிற மாதிரி. நல்லவேளை அன்னிக்கு டிஸ்க் போகலை, நான்தான் போனேன். பழைய ஃபைலைத் திருப்பிப் போட்டுட்டு, "மாமா, எனக்கு இது வராது"ன்னு சொல்லிட்டேன். மூணு நாளாச் சிட்டைப் புத்தகத்துல கையால எழுதித்தான் சரக்கு போச்சு. "கையால எழுதின காலத்துல நான் ஒருத்தனுக்கும் பயந்ததில்லைடா"ன்னார் மாமா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

சொந்தக்காரப் பையன் ஐ.டி.யில இருக்கான்னு கூப்பிடறவங்க தயவுசெஞ்சு யோசிங்க. கண் டாக்டரைக் கூப்பிட்டுப் பல்லைப் பிடுங்கச் சொல்ற கதை அது. அவர் மறுக்கவும் மாட்டார், அதுதான் ஆபத்து.

நாலாம் நாள் தம்பி புது நம்பர் கிடைச்சது. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. விவரத்தைக் கேட்டுட்டு, "சனி, ஞாயிறு வந்து முடிச்சுத் தர்றேன். இருபதாயிரம் ஆகும். பழைய பாக்கி பன்னிரண்டாயிரம் தனி"ன்னான்.

மாமாவுக்கு வந்துதே கோபம்! "மொத்தப் புரோகிராமுக்கே பன்னிரண்டாயிரம்தான் கொடுத்தேன். இப்ப சமயம் பார்த்துக் கழுத்துல கத்தி வைக்கிறான்"னு குதிச்சார். நானும் சேர்ந்துக்கிட்டேன். போனை வாங்கி, "தம்பி, இது பிளாக்மெயில்"னு சொன்னேன். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்குவேன்.

அவன் சத்தம் போடலை. "அண்ணே, அண்ணாச்சிகிட்ட 2019-லேர்ந்து வருஷா வருஷம் ஏப்ரல்ல வந்து நின்னேன். 'கம்ப்யூட்டர் நல்லாத்தானப்பா ஓடுது, நீ என்ன வேலை பார்த்தே, எதுக்குக் காசு?'ன்னு கேட்டார். கோவிட்ல கடை கடையா வேலை நின்னுபோச்சு. அப்புறம்தான் இங்க வந்து சேர்ந்தேன். பழைய நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணலை. எனக்கு அண்ணாச்சி மேல வருத்தமில்லை. நீங்க உங்க கம்பெனியில கிளையன்ட்டுக்கு மணிக்கு எவ்வளவு பில் போடுறீங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே"ன்னான்.

நான் சொல்லலை. சொல்லியிருந்தா மாமா மயங்கி விழுந்திருப்பார்.

அன்னிக்கு ராத்திரி ஒரு வக்கீல் நண்பன்கிட்ட, 'காசு கொடுத்து எழுதி வாங்கின புரோகிராம் நம்மளதுதானே, சோர்ஸ் கோடைக் கொடுன்னு கேட்க முடியாதா?'ன்னு விசாரிச்சேன். அவன் சிரிச்சான். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் கதை, கட்டுரை மாதிரி ஒரு படைப்புதான். எழுதினவன்தான் முதல் உரிமையாளன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆள் வேலையில எழுதினா முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதினா, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய, அவனுக்குத்தான். அப்படி எழுதிக் கொடுத்தாலும் எத்தனை வருஷத்துக்குன்னு போடலைன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்குவாங்களாம். எங்ககிட்ட என்ன இருந்தது? மேல பிள்ளையார் சுழி போட்டு '12,000 பெற்றுக்கொண்டேன்'னு ஒரு சிட்டை. அதுகூட மாமா கையெழுத்து. பதிமூணு வருஷமா ஒரு கடையோட மொத்த வரவுசெலவும் ஓடின புரோகிராமுக்கு அவ்வளவுதான் பத்திரம்.

தம்பி கொள்ளையடிக்கலை, மாமாவும் ஏமாத்துக்காரர் இல்லை. மாமாவோட கணக்குல கூலின்னா மூட்டை தூக்கினதுக்குக் கூலி. தூக்கினதைக் கண்ணால பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஆள் ஒழுங்கா வேலை பார்த்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கெட்டுப்போனா மட்டும்தான் தெரிவான். அப்ப கேக்கிற காசு அநியாயமாத்தான் படும்.

இதை மாமாவுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு முழிச்சுட்டு இருந்தப்ப எலக்ட்ரானிக் தராசு கண்ணுல பட்டது. பக்கவாட்டுல முத்திரை. எலக்ட்ரானிக் தராசுன்னா பன்னிரண்டு மாசத்துக்கு ஒருதடவை சரிபார்த்து முத்திரை போட்டாகணும், அது சட்டம். "மாமா, இந்தத் தராசு போன வருஷம் கெட்டுப்போச்சா?" "இல்லையே." "அப்ப எதுக்கு முத்திரைக்குக் காசு கட்டுனீங்க?" கொஞ்ச நேரம் தராசையே பார்த்துட்டு இருந்தார். "சரி, அவனை வரச் சொல்லு"ன்னார். பாக்கி பன்னிரண்டாயிரத்துல ரெண்டாயிரம் குறைச்சுக்கச் சொல்லிப் பேசினார்ங்கறது தனிக்கதை. அது இல்லைன்னா மாமாவே இல்லை.

தம்பி வந்தான். சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பொருளுக்குப் பக்கத்துல பை எடையைச் சேர்த்து, பில்லு தேதியைப் பார்த்து வரி போடுற மாதிரி மாத்தினான். பழைய பில்லைத் தொடாம. (நான் செஞ்ச கூத்தை மாமா அவன்கிட்ட சொல்லியிருக்கார். அவன் ஒண்ணும் கேட்டுக்கலை. மரியாதை தெரிஞ்ச பையன்.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு, மூணு பேரும் உட்கார்ந்து அரைப் பக்கத்துல தமிழ்ல எழுதினோம். வருஷத்துக்கு ஒன்பதாயிரம், ஏப்ரல்ல பாதி, அக்டோபர்ல பாதி, கம்ப்யூட்டர் கெட்டாலும் கெடாட்டியும். அரசாங்கம் வரி மாத்தினா அந்த வேலை இதுலயே அடக்கம். மாமாவுக்குப் புதுசா ஆசை வந்தா அதுக்குத் தனிக்காசு. சோர்ஸ் கோடு ஒரு பென் டிரைவ்ல மாமா வீட்டு பீரோவில் இருக்கும். அதை இந்தக் கடைக்கு மட்டும், காலக்கெடு இல்லாம பயன்படுத்திக்கலாம், பக்கத்துக் கடைக்கு விக்கக் கூடாது. விலகறதா இருந்தா யாரா இருந்தாலும் மூணு மாசம் முன்னாடி சொல்லணும், தம்பி அடுத்த ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போகணும். வக்கீல் பாஷை ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேர் கையெழுத்து, சாட்சிக்கு நான்.

எழுத எழுத மத்த சாவியெல்லாம் எங்கெங்க கிடக்குன்னு தெரிய ஆரம்பிச்சது. ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல பதிவான மொபைல் நம்பர் ஆடிட்டர் ஆபீஸ்ல முன்னாடி வேலை பார்த்த ஒரு பையனோடது. அவன் வேலையை விட்டே ஒரு வருஷம். ஓ.டி.பி. வேணும்னா அவனைக் கூப்பிட்டுக் கெஞ்சணும்! மாமாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாவே தெரியலை. அவர் கடையோட வரிக் கணக்கை யார் வேணா திறக்கலாம், அவரைத் தவிர. இது மாமா கடையில மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. இடையில இருக்கிறவங்க தங்களோட மெயிலையும் நம்பரையும் போட்டுட்டுத் திருப்பித் தர மாட்டேங்கறாங்கன்னு புகார் வந்து, 2018-லேயே, நம்ம வட்டத்து வரி அதிகாரி ஆபீஸுக்குப் போய் சான்றுகளைக் காட்டி மாத்திக்கற வழியை அறிவிச்சாங்க. எங்களுக்கு அந்த அளவுக்குப் போகலை, அந்தப் பையன் நல்லவன், ஓ.டி.பி. சொன்னான், அன்னிக்கே மாத்தியாச்சு.

வெப்சைட்னு ஒண்ணும் இருந்தது. ஒரு 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' கம்பெனி போட்டுக் கொடுத்தது. டொமைன் அவங்க பேர்லயே பதிவு. அவங்க கம்பெனியை மூடினதும் அதுவும் போச்சு. மாமாவுக்கு அது போனதே தெரியாது, எனக்கும்தான். மளிகை வாங்க வர்றவங்க யாரும் அதைப் பார்த்து வரலைங்கறதால விட்டுட்டோம். ஆனா உங்க வியாபாரமே வெப்சைட்டை நம்பி இருந்தா, டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில்ல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

எனிடெஸ்க் பாஸ்வேர்ட் கல்லாவுக்கு மேல, லட்சுமி படத்துக்குப் பக்கத்துல ஒரு சீட்டுல ஒட்டியிருந்தது. இதுக்கு நான் ஒண்ணும் சொல்றதா இல்லை.

இப்ப ரெண்டு எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். ஒண்ணு, 'எதுக்கு இந்தத் தம்பியைக் கட்டி அழணும், பெரிய கம்பெனியாப் பார்த்துக் கொடுத்துட வேண்டியதுதானே?' தாராளமாக் கொடுங்க. பெரிய கம்பெனி ஓடிப்போகாது, ஆனா அங்க உங்களுக்குன்னு ஒரு ஆள் கிடையாது. டிக்கெட் நம்பர் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து, சாக்குக் கழிவுன்னா என்னன்னு முதல்லேர்ந்து கேட்பார். ஐம்பது பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு அது சரிப்படும். நாலு பேர் இருக்கிற கடைக்கு, கூப்பிட்டா வண்டியை எடுத்துட்டு வர்ற ஆள்தான் வேணும். அந்த ஆளைத் தக்கவைக்கிற அளவுக்குக் கொடுக்க நமக்கு மனசு வரணும். இரண்டாயிரம் கொடுத்துட்டு, ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுக்கலைன்னு கோவிச்சுக்கறது என்ன நியாயம்?

இன்னொண்ணு, 'மாசச் சந்தா கட்டினா எல்லாம் கிளவுட்ல இருக்கும், ஆளே வேண்டாம்.' நல்ல வசதிதான், மறுக்கலை. ஆனா அங்கயும் சாவி ஒருத்தர் கையில இருக்கு, இந்தத் தடவை முகம் தெரியாதவர் கையில. சந்தா கட்டறதை நிறுத்தினா பழைய கணக்கைத் திறக்க விடுவாங்களான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலேர்ந்து 72 மாசம் வச்சிருக்கணும். ஆறு வருஷம்! அதுக்குள்ள நீங்க எத்தனை சாஃப்ட்வேர் மாத்தியிருப்பீங்களோ. இலவச டிரையல்ல மொத்த வியாபாரத்தையும் ஏத்திப் பார்க்கிறவங்க, அதை எக்செல்ல வெளிய எடுக்க முடியுதான்னு மட்டும் பார்க்கறதே இல்லை. உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழியைப் பார்த்துக்கணும்னு சினிமா தியேட்டருக்குப் போனாலே தெரியும்.

மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் மாமா மாதிரி காசு கொடுக்காம மாட்டினவங்கன்னும் சொல்ல மாட்டேன். வேணும்னே பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுற ஆசாமிகளும் இருக்காங்க. திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டுட்டு ஒரிஜினல் விலை வாங்கினவரை நானே பார்த்திருக்கேன். முதல் நாளே ஒருதடவை கேட்டுப் பாருங்க, 'என் பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுப்பா'ன்னு. நேர்மையான ஆள் எழுதிக் கொடுத்துட்டு, 'பத்திரமா வச்சுக்கோங்க'ன்னு ரெண்டு தடவை சொல்வார். மத்தவர் 'அது எதுக்கு சார், நான்தான் இருக்கேன்ல'ன்பார். அந்தப் பதில் வந்தா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.

மாமா கடைக்கு வர்றேன். 1.8.2023-லிருந்து விற்றுமுதல் 5 கோடிக்கு மேல இருக்கிறவங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம்னு ஆனது. மாமா அந்தக் கோட்டைத் தாண்டினவர். (லாபத்தைக் கேட்டா சிரிப்பீங்க. பருப்பு வியாபாரம் அப்படி.) அந்த வருஷம் மே மாசமே தம்பி போன் பண்ணி, "அண்ணாச்சி, என் புரோகிராமை இதுக்கு மேல இழுக்க வேண்டாம். ஒட்டுப் போட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் கவுத்துடும். டேலிக்கு மாறிடலாம், நானே மாத்தித் தர்றேன்"ன்னான். சொந்தமா எழுதின புரோகிராமைத் தானே மூடச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். நான் எழுதின ஒரு மொக்கை ஸ்கிரிப்டை ஆபீஸ்ல தூக்கினப்பவே எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை.

லைசென்ஸ் மாமா மெயில்ல வாங்கியாச்சு. பற்று வரவு அத்தனையும் எக்செல்ல எடுத்து, மாமா தலைக்குள்ள இருக்கிற பேரேட்டோட ஒத்துப் பார்த்தோம். மூணு பேர் பாக்கியில வித்தியாசம். மூணுலயும் மாமா சொன்னதுதான் சரி! பேக்கப் இப்போ வெளி டிஸ்க்ல ரெண்டு, ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டுல. மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அதுல ஒண்ணை வீட்டு லேப்டாப்புல திறந்து, ஏதாவது ஒரு பில்லைப் பார்த்து மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாதுன்னு தம்பி கண்டிஷன். சாக்குக் கழிவு மட்டும் டேலியில அவ்வளவு அழகா வரலை. மாமா இன்னும் முணுமுணுத்துட்டுத்தான் இருக்கார். பழைய புரோகிராம் இருக்கிற பென் டிரைவ் பீரோவில், நிலப் பத்திரத்தோட சேர்ந்து கிடக்கு.

போன செப்டம்பர் மாசம், அதாவது 2025. 22-ம் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. விகிதமெல்லாம் தலைகீழ். நெய் 12-லேர்ந்து 5. பிஸ்கட், குளிக்கிற சோப்பு, பேஸ்ட் எல்லாம் 18-லேர்ந்து 5. துவைக்கிற பவுடருக்கு 18 அப்படியே. மறுபடியும் ஒரு திங்கள்கிழமை, நவராத்திரி முதல் நாள் வேற. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது. தங்கமணி வேற, "உங்க மாமாவே கூப்பிடலை, நீங்க ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி அலையறீங்க?"ன்னு கேட்டாச்சு. பொறுக்க முடியாம ஒன்பது மணிக்குப் போன் பண்ணினேன்.

"மாமா, வரி மாத்தணுமே..."

"அதெல்லாம் முடிஞ்சுதுடா மாப்ள. தம்பி கோயம்புத்தூர்லேர்ந்தே போட்டுட்டான். அஞ்சாறு பில்லு அடிச்சுப் பார்த்தேன், சரியா இருக்கு."

"அப்பாடா."

"ஆனா ஒண்ணுடா. நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டான். இதுக்கா வருஷத்துக்கு ஒன்பதாயிரம்?"

அக்டோபர்ல பாதிப் பணம் போச்சான்னு அத்தைகிட்ட கேட்டுக்கிட்டேன். போயிடுச்சு. பாத்திரக்கடைக்காரன்தான் இன்னும் திருப்பிக் கூப்பிடலை.

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க வீட்டுக் கடைகள்ல இந்த மாதிரி தம்பிகளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கறாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. மாமாகிட்ட காட்டணும். ஒன்பதாயிரத்துக்கு மேல இருந்தா மட்டும் :-)